வாத்தியார்மாரும் வைத்தியம் செய்தார்கள்

சின்ன வயதில் எங்களுக்குத் தெரிந்த மனநல மருத்துவம் முழுவதும் இரண்டு ஊர்ப் பெயர்களுக்குள் அடங்கிவிடும். ஒன்று அங்கொடை, மற்றது மந்திகை. வகுப்பில் யாராவது தனியே சிரித்தால் "இவனை மந்திகைக்குத்தான் கொண்டுபோகோணும்" என்று பகிடி பண்ணுவோம். ஒருவனுக்கு விசர், அல்லது விசர் இல்லை. இடையில் வேறொன்றும் கிடையாது. இரவில் நித்திரை வராதவர், ஹெலிச் சத்தம் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்ப் படுப்பவர், பிள்ளையைப் பறிகொடுத்த நாளிலிருந்து அடுப்பு மூட்டாத தாய் இவர்களெல்லாம் எங்கள் கணக்கில் வரவேயில்லை. "கொஞ்ச நாளில சரியாப் போகும்" என்பதுதான் அவர்களுக்கு ஊர் கொடுத்த மருந்து.

இந்தக் கணக்கையும் கொண்டுதான் எங்கள் சனம் விமானம் ஏறியது. எண்பதுகளில் மிராபெல் விமானநிலையத்தில் இறங்கி அகதி என்று சொன்னவர்களில் கனபேர் மொன்றியலின் கோட்-டெ-நேஜ் பகுதியிலும் பார்க் எக்ஸ்ரென்ஷனிலும் குடியேறினார்கள். நான் வந்து சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். இரண்டு அறை அப்பார்ட்மென்றில் ஏழு பெடியள். பகலில் உணவகங்களில் கோப்பை கழுவுவோம், இரவில் வரிசையாகப் படுப்போம். அதில் ஒருவன் கிழமையில் இரண்டு தரமாவது நடுச்சாமத்தில் குளறுவான். பக்கத்தில் கிடப்பவன் காலால் உதைத்து எழுப்பி "பேய் அமுக்குது, திரும்பிப் படடா" என்பான். அவனும் திரும்பிப் படுப்பான். காலையில் யாரும் அதைப் பற்றிக் கதைக்க மாட்டோம். எங்கள் எல்லாருக்குமே அவரவர் பேய் இருந்தது.

உளவியலாளர் என்று ஒருவர் உலகத்தில் இருக்கிறார் என்பது எங்களுக்கு லோயர் மூலமாகத்தான் தெரியவந்தது. சித்திரவதைக்கு உள்ளானவர்கள் உளவியலாளரின் அறிக்கை ஒன்றை அகதிக் கோரிக்கை விசாரணையில் காட்டினால் கேஸுக்குப் பலம் என்று சொன்னார்கள். ஆகவே எங்கள் ஆட்கள் வாழ்க்கையில் முதல்தடவையாகத் தங்கள் மனதைப் பற்றி ஒருவரிடம் பேசியது சுகமாவதற்காக அல்ல, நம்பவைப்பதற்காக. அந்தச் சாட்சியத்தையும் விசாரணைச் சபை எப்படிக் கையாண்டது என்பது வேறு கதை. மொன்றியலைச் சேர்ந்த மனநல மருத்துவர் செசில் ரூசோவும் அவருடைய சகாக்களும் 40 விசாரணைகளை ஆராய்ந்து 2002 இல் எழுதிய கட்டுரையில், நெருக்கீட்டினால் ஒருவருடைய ஞாபகமும் பேச்சும் குழம்புவதை விசாரிப்பவர்கள் பொய் என்று எடுத்துக்கொள்வதை விளக்கியிருந்தார்கள். கேஸ் முடிந்ததும் அந்த அறிக்கை அலமாரிக்குப் போனது. திரும்ப உளவியலாளரிடம் போன ஒருவரையும் நான் காணவில்லை.

இது என்னுடைய அறைத் தோழர்களின் கதை மட்டுமல்ல. மோர்ட்டன் பைசர் என்ற கனடிய ஆய்வாளரும் மற்றவர்களும் ரொறன்ரோவில் 1,603 தமிழர்களைச் சந்தித்து நடத்திய ஆய்வு 2003 இல் வெளியானது. மூன்றில் ஒரு பங்கினர் கொடிய சம்பவங்களை அனுபவித்தவர்கள். நூற்றுக்கு 12 பேருக்கு நெருக்கீட்டுக்குப் பிற்பட்ட மனவடு நோய் இருந்தது. அந்த நோய் இருந்தவர்களில் பத்தில் ஒருவர்தான் சிகிச்சை பெற்றிருந்தார். மீதி ஒன்பது பேரும் வேலைக்குப் போய், சீட்டுக் கட்டி, வீடு வாங்கி, பிள்ளைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நல்ல குடும்பங்கள்.

ஏன் போகவில்லை என்று கேட்டால் வெட்கம் என்று சொல்லிவிட்டுப் போவது இலகு. வெட்கமும் உண்டுதான். ஆனால் வெட்கத்தையும் மீறிப் போனவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு அக்கா முள்ளிவாய்க்காலுக்குள்ளிருந்து உயிரோடு வந்தவர். மொன்றியலுக்கு வந்து சில வருடங்களின் பின்னர், நித்திரையில்லாமல் வேலையிடத்தில் மயங்கி விழுந்தார். குடும்ப வைத்தியர் கடிதம் எழுதி ஓரிடத்துக்கு அனுப்பினார். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு திகதி கிடைத்தது. நான்தான் காரில் கூட்டிப்போனேன். உளவியலாளர் பிரெஞ்சுக்காரப் பெண், அன்பான மனுஷி. மொழிபெயர்க்க ஒருவரை ஒழுங்கு செய்திருந்தார்கள். அவர் வந்து கதிரையில் இருந்ததும் "அக்கா நீங்கள் எவடம்?" என்று கேட்டார். இரண்டு கேள்வியில் அவர் அக்காவின் கணவருடைய ஊர் என்பதும், மூன்றாவது கேள்வியில் கணவருடைய ஒன்றுவிட்ட தம்பியோடு ஒரே வகுப்பில் படித்தவர் என்பதும் வெளிவந்துவிட்டது. அதன் பிறகு அந்த ஒரு மணித்தியாலமும் அக்கா சொன்னது ஒன்றே ஒன்றுதான்: "தலையிடி. வேறொண்டும் இல்லை." உளவியலாளரும் தலையிடி என்று எழுதிக்கொண்டார். திரும்பி வரும்போது அக்கா கார்க் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "அவனுக்கு முன்னால எப்பிடித் தம்பி நான் அதைச் சொல்லுறது?" அது என்னவென்று நானும் கேட்கவில்லை. அவர் அங்கே திரும்பப் போகவுமில்லை.

இதில் யாரிலும் குற்றம் சொல்ல முடியாது. உளவியலாளருக்குத் தொழில் தெரியும், தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளருக்குத் தமிழ் தெரியும், அந்தத் தொழில் தெரியாது. இரண்டும் தெரிந்த ஒருவர் ஏன் அந்த அறையில் இல்லை என்பதுதான் என்னுடைய கேள்வி.

கியூபெக்கில் இந்தக் கேள்விக்குச் சட்டப்படி ஒரு பதில் இருக்கிறது. 2009 இல் நிறைவேறி 2012 ஜூனில் உளச்சிகிச்சை தொடர்பாக நடைமுறைக்கு வந்தது 21ஆம் இலக்கச் சட்டம். (ஆசிரியைகள் முக்காடு அணிவதைத் தடுத்த 2019ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் அதே இலக்கந்தான். குழம்ப வேண்டாம், இது வேறு.) இதன்படி வைத்தியர்களும் உளவியலாளர்களும் உளவியலாளர் சங்கத்தின் அனுமதிப்பத்திரம் பெற்றவர்களும் மட்டுமே உளச்சிகிச்சை செய்யலாம். உளவியலாளராவதற்குக் கலாநிதிப் பட்டம் வேண்டும். மற்றவர்கள் அனுமதிப்பத்திரம் எடுப்பதற்கு முதுமாணிப் பட்டம், 765 மணித்தியாலப் பாடம், 600 மணித்தியாலக் களப்பயிற்சி வேண்டும். அதற்கு மேல் பிரெஞ்சும் வேண்டும். நாற்பது வயதில் வந்து பிள்ளை பராமரிப்பு நிலையத்தில் வேலைசெய்யும் ஒரு பெண், ஊரில் எத்தனை பேருக்கு ஆறுதல் சொன்னவராக இருந்தாலும், இந்தப் படியைத் தாண்டப் போவதில்லை.

இந்தச் சட்டம் கெட்ட சட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. அதற்கு முன்னர் கியூபெக்கில் யார் வேண்டுமானாலும் கதவில் உளச்சிகிச்சையாளர் என்று பலகை கொழுவலாம் என்றிருந்தது. எங்கள் பேப்பர்களில் வரும் "கணவன் மனைவி பிரச்சினையா? மூன்றே நாளில் தீர்வு" விளம்பரங்களைப் பார்க்கிறவர்களுக்குச் சட்டத்தின் தேவை விளங்கும். ஆனால் சட்டம் மோசடிக்காரரை வெளியே நிறுத்தும்போது, எங்களுக்குள் பயிற்ற வேண்டியவர்களும் வெளியேதான் நிற்கிறார்கள்.

இனி ஊருக்கு வருவோம். ஏனென்றால் கனடாக்காரர் இப்போது பெரிய கண்டுபிடிப்பாகப் பேசும் விஷயத்தை யாழ்ப்பாணத்தில் வேறு வழியில்லாமல் செய்து பார்த்துவிட்டார்கள்.

யுத்தகாலத்தில் வடக்கு முழுவதற்கும் இருந்த மனநல மருத்துவர்களை ஒரு கை விரலில் எண்ணலாம். அவர்களில் ஒருவர் யாழ். மருத்துவபீடத்தில் படிப்பித்த பேராசிரியர் தயா சோமசுந்தரம். யுத்தம் தமிழர் மனங்களில் ஏற்படுத்திய காயங்களைப் பற்றி 1998 இலேயே ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். ஒரு டொக்டர் நாளொன்றுக்கு எத்தனை பேரைப் பார்க்கலாம்? குண்டு விழுந்ததோ ஊர் முழுக்க. ஆகவே அவரும் வைத்தியர் சிவயோகன் போன்றவர்களும் வைத்தியசாலைக்கு வெளியே ஆட்களைத் தேடினார்கள். ஆசிரியர்கள், கிராமசேவையாளர்கள், குடும்பநல உத்தியோகத்தர்கள், குருமார், கன்னியாஸ்திரிகள், நாட்டு வைத்தியர்கள். அதாவது சனம் ஏற்கெனவே போய் அழுகிற இடங்களில் இருந்தவர்கள். இவர்களைப் பயிற்றுவதற்காக 2000 இல் தமிழ்ச் சமூகத்தின் உளநலம் பற்றி ஒரு கைநூலும் வந்தது. யாழ்ப்பாணத்தில் சாந்திகம் என்ற நிறுவனம் உளவளத்துணையாளர்களைப் பயிற்றியது. உளவளத்துணை, சீர்மியம், உளசமூகப்பணி, மனவடு என்று இன்று நாங்கள் சாதாரணமாகப் பாவிக்கிற சொற்கள் எல்லாம் அந்த வேலைகளினூடாகத்தான் சனத்திடம் வந்தன. மந்திகைக்கும் சுகத்துக்கும் இடையில் ஒரு பெரிய வெளி இருக்கிறது என்பதற்கு அப்போதுதான் தமிழில் பெயர் கிடைத்தது.

பயிற்றினார்கள் சரி, பலன் இருந்ததா என்று கேட்பீர்கள். மணற்காட்டைச் சொல்கிறேன். வடமராட்சிக் கரையில், பழைய அந்தோனியார் கோயில் மணலுக்குள் புதைந்து கிடக்கும் அதே மணற்காடு. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தது. ஒரு மாதத்துக்குள் அங்கிருந்த அகதிமுகாமில், யுத்தத்தையும் கடலையும் சேர்த்துக் கண்ட, 8 முதல் 14 வயதான 31 பிள்ளைகளுக்குச் சிகிச்சை தொடங்கியது. செய்தவர்கள் எங்கள் ஊர் உளவளத்துணையாளர்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றது ஜேர்மனியின் கொன்ஸ்ரான்ஸ் பல்கலைக்கழகத்தோடு தொடர்புடைய விவோ என்ற அமைப்பு.

பிள்ளைகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குத் தங்கள் வாழ்க்கைக் கதையைச் சொல்லும் சிகிச்சை. அதன் முறை இலகுவாக விளங்கும். நிலத்தில் ஒரு கயிற்றை விரிப்பார்கள், அதுதான் பிள்ளையின் வாழ்க்கை. நல்லது நடந்த இடத்தில் பூ, கெட்டது நடந்த இடத்தில் கல். பிறகு பிறந்ததிலிருந்து ஒழுங்காகக் கதை சொல்ல வேண்டும். கல் வரும் இடத்தில் அவசரப்படாமல் நின்று, என்ன கண்டாய், என்ன மணந்தது, உடம்பு என்ன செய்தது என்று கேட்பார்கள். கேட்பவர் எழுதுவார், அடுத்தமுறை வாசித்துக் காட்டுவார், பிள்ளை திருத்தும். கடைசியில் முழுக் கதையும் பிள்ளையின் கையில் கொடுக்கப்படும். துண்டு துண்டாக வந்து பயமுறுத்தும் ஞாபகம், தொடக்கமும் முடிவும் உள்ள கதையாகிவிட்டால், அது நேற்று நடந்தது என்று மனம் ஏற்கத் தொடங்கும் என்பதுதான் இதன் அடிப்படை. மற்றக் குழுவுக்குத் தியானமும் தளர்வுப் பயிற்சியும். இரண்டு குழுவுக்கும் ஆறு ஆறு அமர்வுகள்.

ஆறு மாதத்தின் பின்னர் பார்த்தபோது கதை சொன்ன குழுவில் நூற்றுக்கு 81 பேரும், தியானக் குழுவில் 71 பேரும் நோயிலிருந்து மீண்டிருந்தார்கள். இந்த முடிவு 2009 இல் ஒரு மருத்துவ ஆய்விதழில் வெளியானது. சிறிய ஆய்வுதான், சிகிச்சையே கொடுக்காத குழு ஒன்றும் இருக்கவில்லை, ஆகவே காலம் எவ்வளவு ஆற்றியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. ஆனாலும் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: பிள்ளை தன் மொழியில் சொன்னதை, தன் மொழியில் ஒருவர் கேட்டார். இடையில் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை.

இதே ஆண்டுகளில் உலகத்தின் பல மூலைகளிலும் இதே கதை நடந்துகொண்டிருந்தது. பாகிஸ்தானில் ராவல்பிண்டிப் பக்கம் வீடு வீடாகப் போகும் பெண் சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பிள்ளை பெற்ற தாய்மாரின் மனச்சோர்வுக்குச் சிகிச்சை செய்ய வைத்தார்கள். 2008 இல் வந்த முடிவின்படி ஆறு மாதத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் பார்த்த தாய்மாரில் 23 வீதத்தினருக்கே மனச்சோர்வு மீதமிருந்தது, மற்றவர்களில் 53 வீதம். கோவாவில் விக்ரம் பட்டேல் குழுவினர் சாதாரண ஆட்களை உளவளத்துணையாளர்களாக்கினார்கள். சிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் 2006 இல் பாட்டிமாரைப் பயிற்றி, சுகாதார நிலையங்களின் வெளியே மரவாங்கில் இருத்தினார். வந்து பக்கத்தில் இருந்து கதைத்தவர்களுக்கு ஆறு மாதத்தில் நோய்க்குறிகள் குறைந்தது என்று 573 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2016 இல் வந்தது. மரவாங்கும் பாட்டியும் எங்களுக்குப் புதிதா? எங்கள் திண்ணையில் இல்லாதது பயிற்சி மட்டுந்தான்.

அந்தப் பயிற்சிதான் விஷயம். நல்ல மனமும் நல்ல வாயும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்திலிருந்தே இன்னொரு ஆய்வைக் காட்டலாம். வடக்கில் 399 பிள்ளைகளை வைத்து, பள்ளிக்கூடங்களில் உள்ளூர்ப் பயிற்றுனர்கள் ஐந்து கிழமையில் பதினைந்து அமர்வுகள் நடத்திய திட்டம் ஒன்றின் முடிவுகள் 2012 இல் வெளியாயின. சில பிள்ளைகளுக்கு, சில விஷயங்களில் நன்மை இருந்தது. முக்கியமாக எதிர்பார்த்த அளவீடுகளில் மொத்தமாகப் பலன் தெரியவில்லை. பெண்பிள்ளைகளிலோ, திட்டத்தில் சேர்ந்தவர்களின் மனவடுக் குறிகள் சேராதவர்களை விட மெதுவாகத்தான் குறைந்தன. உதவி என்று நினைத்துச் செய்வது உதவாமலும் போகலாம். அளந்து பார்க்காமல் தெரியாது.

ஆகவே உலக சுகாதார நிறுவனம் 2016 இல் வெளியிட்ட "பிரச்சினைகளைக் கையாளல்" என்ற ஐந்து அமர்வுத் திட்டத்தைப் பாருங்கள். மூச்சுப் பயிற்சி, பிரச்சினையைத் துண்டாக்கித் தீர்த்தல், முடங்கிக் கிடப்பவரை ஒரு சின்ன வேலையிலாவது இறக்குதல், துணைக்கு ஆட்களைச் சேர்த்தல். சாதாரண ஆள் செய்யக்கூடியவைதான். ஆனால் அந்தச் சாதாரண ஆளுக்கு 80 மணித்தியாலம் வகுப்பு, அதன் பிறகு கிழமைக்குக் கிழமை அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை. தற்கொலை எண்ணம் உள்ளவரைக் கண்டால் தானே சமாளிக்காமல் உடனே யாரிடம் அனுப்புவது என்பதும் பாடத்தில் உண்டு.

மொன்றியலுக்கும் இது அந்நியமில்லை. உகண்டாவின் லீரா மாவட்டத்தில் கிராமத்துத் தொண்டர்களைக் கொண்டு தாய்மாரின் மனச்சோர்வைக் குறைத்த ஆய்வு 2015 இல் வந்தது. அதை எழுதிய டெய்சி சிங்க்ளா அப்போது எங்கள் நகரத்து மக்கில் பல்கலைக்கழக மாணவி. அவரே பின்னர் ரொறன்ரோவிலிருந்து வழிநடத்திய இன்னொரு ஆய்வு 2025 இல் வெளியானது. கனடாவிலும் அமெரிக்காவிலும் 1,200 பேருக்கு மேல். கர்ப்பிணிகளுக்கும் புதிதாய்ப் பிள்ளை பெற்றவர்களுக்கும் தாதிகளும் மருத்துவிச்சிகளும் பிரசவத் துணைப் பெண்களும் பயிற்சி எடுத்துச் செய்த பேச்சுச் சிகிச்சை, நிபுணர்கள் செய்ததற்குக் குறைந்ததாக இருக்கவில்லை. வறிய நாட்டுக்கு மட்டும் இது, பணக்கார நாட்டுக்கு நிபுணர் என்ற வாதம் இனி எடுபடாது. பணக்கார நாட்டிலும் காத்திருப்போர் பட்டியலில் நிற்பது வறியவர்கள்தானே.

சரி, இங்கே என்ன செய்யலாம்? அந்த 21ஆம் இலக்கச் சட்டத்துக்குரிய விதிகளிலேயே ஒரு வாசல் இருக்கிறது. ஆறுதல் தரும் துணைச் சந்திப்பு, உளக்கல்வி, நெருக்கடிநேர உதவி போன்றவை உளச்சிகிச்சை ஆகா என்று அதில் எழுதப்பட்டிருக்கிறது. அந்த வாசலால் போகலாம். யூத பொது வைத்தியசாலையில் 1999 இல் லோரன்ஸ் கிர்மேயர் தொடங்கிய பண்பாட்டு ஆலோசனைச் சேவை, மருத்துவரோடு மொழிபெயர்ப்பாளரையும் பண்பாடு தெரிந்த ஒருவரையும் சேர்த்து உட்கார வைத்தது. அந்தப் பண்பாடு தெரிந்தவரை, ஐந்து அமர்வு நடத்தக்கூடிய துணையாளராகப் பயிற்றுவதும், அவருக்கு மேலே ஒரு உளவியலாளர் மேற்பார்வைக்கு இருப்பதும் சட்டத்துக்கு உட்பட்டே யோசிக்கக்கூடியவை.

ஆனால் எனக்கு மூன்று நிபந்தனைகள் உண்டு.

முதலாவது இரகசியம். ஒரு அண்ணை என்னிடம் சொன்னார், "எனக்குத் தமிழ் ஆளே வேண்டாம். விளங்காட்டிலும் வெள்ளைக்காரனே காணும்." அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. மொன்றியல் தமிழர் என்பது ஒரு கோயில் திருவிழாவுக்குள் அடங்கிவிடும் கூட்டம். ஆகவே யாரிடம் போவது என்று போகிறவர் தெரிவுசெய்ய வேண்டும். ஆணா பெண்ணா, எந்த ஊர், எந்தப் பக்கம் என்பதெல்லாம் இதில் அடங்கும். எந்தப் பக்கம் என்று நான் எழுதுவது உங்களுக்கு விளங்கும். இயக்கங்கள் செய்த சித்திரவதைகளையும் சொல்ல ஒரு இடம் வேண்டும். ரொறன்ரோவில் இருக்கும் தமிழ்த் துணையாளர் தொலைபேசியில் பேசினாலும் நல்லது. ஊரைத் தாண்டிய காது சிலவேளை நல்ல காது.

இரண்டாவது மேற்பார்வை. பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கிப் படம் எடுத்துப் போடும் விழாவோடு எங்கள் ஆட்களின் வேலை முடிந்துவிடும். உண்மையான வேலை அதற்கு அடுத்த கிழமைதான் தொடங்குகிறது. கேட்பவரும் அதே யுத்தத்தால் வந்தவர். மற்றவரின் கல்லைத் தூக்கும்போது தன்னுடைய கல்லும் அசையும். அதைக் கொண்டுபோய் இறக்கிவைக்க அவருக்கும் ஒரு இடம் இருக்க வேண்டும்.

மூன்றாவது சம்பளம். இந்த வேலைக்கு வரப்போவது பெரும்பாலும் பெண்கள். "சமூகசேவைதானே அக்கா" என்று சொல்லிச் சும்மா வேலை வாங்குவதில் எங்கள் சங்கங்களும் கெட்டிக்காரர், அரசாங்கமும் கெட்டிக்காரர். கோப்பை கழுவுவதற்கே மணித்தியாலக் கூலி உண்டு. முள்ளிவாய்க்காலைக் கேட்பதற்கு இல்லையா?

2009 மேக்குப் பின்னர் ஏறத்தாழ மூன்று இலட்சம் சனம் வவுனியா முகாம்களுக்குள் இருந்தபோது, உளசமூகப் பணிக்கு அரசு இலகுவில் அனுமதி கொடுக்கவில்லை. சனம் கதைத்தால் என்ன கதைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். அங்கே கதைக்க விடவில்லை. இங்கே கதைக்க விட்டும் கேட்க ஆளில்லை. 1986 இல் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரில் இளையவர்களே இன்று அறுபதை நெருங்குகிறார்கள். வேலையும் பிள்ளைகளும் மறைத்துவைத்திருந்ததை ஓய்வூதிய வயது வெளியே கொண்டுவரும். வயது போகப் போகப் பின்னர் படித்த பிரெஞ்சும் ஆங்கிலமும் முதலில் கழன்றுபோய்த் தமிழ்தான் மிஞ்சுவதையும் எங்கள் முதியவர்களில் காண்கிறோம். அப்போது யாரை வைத்து மொழிபெயர்ப்பது?

ஆகவே கோயில் சபைகளிலும் தேவாலயத்திலும் ஊர்ச் சங்கங்களிலும் இருக்கிறவர்களிடம் கேட்கிறேன். அடுத்த வருட ஒன்றுகூடலுக்கு இந்தியாவிலிருந்து பாடகரைக் கூப்பிட ஒதுக்கிற காசில் ஒரு பகுதியை எடுத்து, ஆறு பெண்களையும் ஆறு ஆண்களையும் 80 மணித்தியாலம் படிப்பியுங்கள். மேற்பார்வைக்கு ஒரு உளவியலாளரைச் சம்பளத்துக்குப் பிடியுங்கள். ஊரில் குண்டுக்குள் செய்ததை இங்கே பனிக்குள் செய்ய முடியாதென்றில்லை.